ஒரு வார்த்தைக்கு எழுபத்து நான்கு கார்டு

மருத்துவமனையில் கண் விழித்த மூன்றாம் நாள் என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். "செட்" என்றார்.

பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து அவர் கால் விரல்களை அழுத்திக்கொண்டிருந்த நான் பதறி எழுந்தேன்.

"என்னங்க, தண்ணி வேணுமா?"

"செட்."

"எங்கயாவது வலிக்குதா?"

"செட்."

"நான் யாருன்னு தெரியுதா?"

என்னை உற்றுப் பார்த்தார். கண் கலங்கியது. பிறகு மெதுவாக, யாருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோல, "செட்" என்றார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவர் என்னை எத்தனையோ விதமாகக் கூப்பிட்டிருக்கிறார். அதில் பாதியை வெளியில் சொல்ல முடியாது. இப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

மூளையில் பேச்சு இருக்கும் பக்கத்தில் ரத்தக்குழாய் அடைத்துவிட்டது என்றார்கள். சிலருக்கு எல்லா வார்த்தையும் போய் ஒன்றே ஒன்று மட்டும் மிஞ்சுமாம். எதைச் சொல்ல நினைத்தாலும் வாயில் அதுதான் வருமாம். நர்ஸ் எனக்கு ஆறுதல் சொன்னாள். "போன மாசம் ஒருத்தருக்குக் கெட்ட வார்த்தை மட்டும்தாம்மா மிஞ்சிச்சு. டாக்டர் வந்தாலும் அதான், சம்பந்தி வந்தாலும் அதான். நீங்க குடுத்து வெச்சவங்க."

மூன்று மாதத்தில் வலது கையும் காலும் தேறிவிட்டன. சட்டைப் பொத்தானைத் தானே போட்டார், மாடிப்படி ஏறினார். வார்த்தை மட்டும் திரும்பவில்லை. எழுதச் சொன்னால் பென்சிலைப் பிடித்துக்கொண்டு காகிதத்தையே பார்த்தார். தலையாட்டச் சொல்லிப் பார்த்தோம். ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் ஒரே ஆட்டல், மேலும் கீழுமாகவும் இல்லாமல் பக்கவாட்டாகவும் இல்லாமல். அதுவும் இந்த நோயில் உண்டாம். ஆகமொத்தம் எங்கள் வீட்டில் பசி, தூக்கம், கோபம், டிவியை மாற்று, விளக்கை அணை, இவன் எப்போது கிளம்புவான், எல்லாமே செட்.

ஏன் இந்த வார்த்தை? எவ்வளவோ வார்த்தை இருக்க, இது எங்கிருந்து வந்தது? பார்க்க வந்தவர்கள் எல்லோருமே இதைக் கேட்டார்கள். ஆளுக்கு ஒரு பதிலும் வைத்திருந்தார்கள்.

அவருடைய தொழிற்சாலை போர்மேன் சந்தேகத்துக்கே இடம் வைக்கவில்லை. என் வீட்டுக்காரருக்கு வேலையே செட்டர். லேத் என்று ஒரு இயந்திரம். இரும்புத் துண்டைச் சுழற்றி, கத்தியால் கடைந்து, வேண்டிய தடிமனுக்குக் கொண்டுவரும். பட்டனைப் போட்டால் ஒரே மாதிரி ஆயிரம் துண்டு கடைந்து தள்ளும். ஆனால் அதற்கு முன்னால் ஒருவர் கத்தி எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும், எவ்வளவு வெட்ட வேண்டும் என்று முடியளவு பிசகாமல் வைத்துக் கொடுக்க வேண்டும். அவர்தான் செட்டர். இருபத்திரண்டு வருஷம் அதைத்தான் செய்தார். "ஒரு நாளைக்கு நூறு வாட்டி சொல்ற வார்த்தை தங்கச்சி. செட் பண்ணு, செட் ஆச்சா, செட் ஆச்சு. வேற எது மிஞ்சும்?" என்றார் போர்மேன்.

என் கொழுந்தன் இதை ஒப்புக்கொள்ளவே இல்லை. "அண்ணி, அது மைக் செட்டு. சின்ன வயசுல நானும் அண்ணனும் லீவு விட்டா மைக் செட் கடையில வேலைக்குப் போவோம். குழாய் ஸ்பீக்கரைத் தோள்ல தூக்கிட்டு அண்ணன் முன்னால போவான், செட் வருது செட் வருது, வழி விடுங்கன்னு கத்திக்கிட்டே. அவன் வாழ்க்கையிலயே சந்தோஷமா இருந்தது அப்பதான்."

"எங்கூட இருந்தப்ப சந்தோஷமா இல்லையாமா?"

"ஐயோ, அப்படிச் சொல்லல அண்ணி" என்று எழுந்து போய்விட்டான்.

எனக்கும் ஒரு பதில் இருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அவருக்கு அடைப்பு வந்த அன்று காலையில் எங்களுக்குள் சண்டை. குளியலறைக் குழாய் நாலு மாதமாக ஒழுகிக்கொண்டிருந்தது. ஊரான் இயந்திரத்தை முடியளவு பிசகாமல் சரிசெய்கிற மனிதருக்குச் சொந்த வீட்டுக் குழாயில் ஒரு வாஷர் மாற்ற நேரமில்லை. பேச்சு முற்றியது. அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போது நான் சொன்னேன், "உங்களுக்கும் எனக்கும் என்னைக்குமே செட் ஆகல." அவர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். பதினோரு மணிக்குத் தொழிற்சாலையிலிருந்து போன் வந்தது.

அவர் வாயில் மாட்டிக்கொண்டது நான் எறிந்த வார்த்தைதான் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. ஒவ்வொரு முறை அவர் அதைச் சொல்லும்போதும் எனக்கு அந்தக் காலைதான் நினைவுக்கு வந்தது. அதனால்தானோ என்னவோ, அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தங்கள் இருக்கின்றன என்று நிரூபிப்பதில் வெறி பிடித்தவள்போல இறங்கினேன்.

நான் கல்லூரி நூலகத்தில் அட்டவணை போடுபவள். ஒரு புத்தகம் வந்தால் அது எதைப் பற்றியது, எந்த எண், எந்த அலமாரி என்று தீர்மானிப்பது என் வேலை. முன்பெல்லாம் கார்டில் எழுதுவோம். இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில்தான். ஆனால் எழுதாத கார்டுகள் கட்டுக்கட்டாக மர இழுப்பறையில் கிடந்தன. இரண்டு கட்டு எடுத்து வந்தேன். மேல் மூலையில் எண், அதற்குக் கீழே அவர் சொன்ன விதம், எந்த நேரம், கண் எங்கே போனது, கடைசியில் அர்த்தம்.

செட் 1: நீட்டி, மேலே ஏறும் குரலில். தண்ணீர். செட் 4: இரண்டு முறை, வேகமாக. சேனலை மாற்று. செட் 9: மூக்கால். கொழுந்தன் வந்திருக்கும்போது மட்டும். எப்போது போவான். செட் 12: வாய் அகலமாக. சந்தோஷம். செட் 23: பெருமூச்சோடு. காரணம் தெரியவில்லை, சாப்பாட்டுக்குப் பிறகு. செட் 31: தணிந்த குரலில், சுருக்கமாக. முடிந்தது, போதும்.

கார்டு சேரச் சேர எனக்கு ஆர்வம் தலைக்கேறிவிட்டது. நூலகத்தில் பெரிய ஆங்கில அகராதி ஒன்று இருக்கிறது. பல தொகுதிகள், தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். மதிய இடைவேளையில் அதை மேசையில் கிடத்தி அந்த ஒரு வார்த்தையைத் தேடினேன். சிற்றெழுத்தில் பக்கம் பக்கமாகப் போய்க்கொண்டே இருந்தது. மூன்றெழுத்து வார்த்தைக்கு இவ்வளவு பெரிய குடும்பமா என்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்கக்கூட மறந்துவிட்டேன்.

சூரியன் மறைவதும் அந்த வார்த்தைதான், சிமெண்ட் இறுகுவதும் அதுதான். முறிந்த எலும்பைச் சேர்த்து வைப்பது, கண்ணி வைப்பது, மேசையில் தட்டு வைப்பது, மோதிரத்தில் கல் பதிப்பது, கேள்வித்தாள் தயாரிப்பது, பாட்டுக்கு மெட்டுப் போடுவது. மண்ணைத் தோண்டி வாழும் ஏதோ ஒரு விலங்கின் வளைக்குக்கூட, ஒரு எழுத்தைக் கூட்டி, அதே பெயர். நம் ஆட்களும் சளைத்தவர்களில்லை என்று நினைத்துக்கொண்டேன். டீ செட், பம்ப் செட், பல் செட், சினிமா செட், செட் சேர்த்துக்கொண்டு சுற்றுவது, இரண்டு பேர் செட் ஆவது, சட்டை நிறம் செட் ஆகாமல் போவது. நாமும் நம் பங்குக்கு அந்த வார்த்தையைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறோம்.

என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அதன் பிறப்பு. அது ஒரு வார்த்தையே இல்லை, இரண்டு. ஒன்று, மிகப் பழைய ஒரு மொழியில் 'உட்காரச் செய்' என்பதிலிருந்து வந்தது. ஒரு பொருளை ஓரிடத்தில் உட்கார வைப்பது. கத்தியை லேத்தில் பொருத்துவது அந்த வழி. இன்னொன்று கடல் தாண்டி வேறு மொழியிலிருந்து வந்தது. அதற்கு 'பின்தொடர்கிறவர்கள்' என்று பொருள். ஒருவர் பின்னால் போகிற கூட்டம், ஒன்றோடு ஒன்று சேர்ந்த பொருள்கள். டீ செட் அந்த வழி. இரண்டும் வேறு வேறு வீட்டில் பிறந்து, ஒரே பெயரில் ஒரே வீட்டுக்குக் குடிவந்து, எது யாருடைய துணி என்று பிரிக்க முடியாதபடி கலந்துவிட்டன. அகராதி போட்டவர்களே சில இடங்களில் கையை விரித்துவிட்டு, இது எந்த வழியில் வந்தது என்று சொல்ல முடியவில்லை என்று எழுதியிருந்தார்கள். அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். அவ்வளவு பெரிய புத்தகத்தில் அப்படி எழுத ஒரு துணிச்சல் வேண்டும் என்று தோன்றியது.

வாரம் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருவாள். நான் அவளைப் பேச்சு டாக்டர் என்பேன். ஒரு நாள் அவளை வாசல் வரை வழியனுப்பப் போனபோது, அடக்க முடியாமல் குழாய்ச் சண்டையைச் சொல்லிவிட்டேன்.

"அக்கா, கடைசியாக் கேட்ட வார்த்தைதான் மிஞ்சும்னு ஒண்ணும் கிடையாது. அடிக்கடி சொன்ன வார்த்தைதான்னும் கிடையாது. எது, ஏன் மிஞ்சுதுன்னு யாருக்குமே தெரியாது."

"அப்ப என் வார்த்தையா இருக்கவும் வாய்ப்பு இருக்கு."

"இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதைத் தெரிஞ்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க? அவர் முகத்தைப் பாருங்க, கையைப் பாருங்க. வார்த்தையை விடுங்க."

நல்ல பெண்தான். ஆனால் இருபது வருஷமாக எல்லாவற்றுக்கும் எண் போட்டுப் பழகியவளிடம் வார்த்தையை விடு என்றால் விட்டுவிடுவாளா? மறுநாளே கார்டுகளை அர்த்தப்படி பிரித்து, நடுவில் வண்ண அட்டை செருகினேன். தேவை, மறுப்பு, மகிழ்ச்சி, இதர.

ஐந்தாம் மாதத்தில் கொழுந்தன் என்னிடம், "அண்ணி, நீங்க சொல்றது கரெக்டா இருக்கு, எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?" என்று கேட்டபோது எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ஒருநாள் கார்டுப் பெட்டியைக் காணோம். வீடு முழுக்கத் தேடினேன். கடைசியில் வாஷிங் மெஷினுக்குள் கிடந்தது. என் வீட்டுக்காரர் சோபாவில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டு, "செட்" என்றார். செட் 58: விளையாட்டு, குறும்பு. அப்படித்தான் எழுதினேன்.

ஏழாம் மாதம் தொழிற்சாலையிலிருந்து கடிதம் வந்தது. விடுப்பு முடிகிறது. கம்பெனி டாக்டர் முன்னால் அவர் ஒரு இயந்திரத்தைச் சரிசெய்து காட்ட வேண்டும். சொல்வது புரிகிறது, தன் முடிவை மற்றவருக்குத் தெரிவிக்க முடிகிறது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் பழைய வேலை. இல்லாவிட்டால் உடல்நலக் குறைவால் ஓய்வு. கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். உள்ளே போய், ஏழு மாதமாகத் தொடாத காக்கிச் சட்டையை எடுத்து வந்து, தேய்க்கச் சொல்லி என் கையில் கொடுத்தார். அந்த ஒன்றுக்கு எனக்குக் கார்டு தேவைப்படவில்லை. அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. அந்த வேலை போய்விட்டால் இந்த மனிதர் சோபாவில் உட்கார்ந்தே தேய்ந்துபோவார் என்று எனக்குத் தெரியும். அதற்கு நான் ஒரு காரணமாகிவிடுவேனோ என்ற பயமும் இருந்தது.

போர்மேன் போனில் சொன்னார். "வேலை அவருக்குத் தண்ணி பட்ட பாடு தங்கச்சி, அதுல கவலை இல்ல. டாக்டர் கேக்கப்போறது ஒண்ணே ஒண்ணுதான். ஓட்டலாமா, நிறுத்தணுமான்னு மத்தவனுக்கு இவர் சொல்லியாகணும். ரெண்டுக்கும் செட்டுன்னா எப்படி? நீங்க கூட வந்து எடுத்துச் சொல்லுங்க."

"நான் சொல்றேன். எழுபத்து நாலு விதம் என்கிட்ட இருக்கு" என்றேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் போனோம். பெரிய கூடம். எண்ணெய் நாற்றம், தரையெல்லாம் சுருள் சுருளாக இரும்புச் சீவல். அந்தப் பகுதியில் இரண்டு நாளாக வேலை இல்லாததால் இயந்திரங்கள் அமைதியாக நின்றன. கம்பெனி டாக்டர் நெட்டையான மனிதர், கையில் அட்டையும் படிவமும் வைத்திருந்தார். பதினொன்றரைக்கு வேறு இடத்துக்குப் போக வேண்டும் என்று வந்தவுடனேயே சொல்லிவிட்டார். போர்மேன் பரபரவென்று ஒரு லேத்தின் சுவிட்சைப் போட்டுவிட்டு, "ரெடி சார், ஆரம்பிக்கலாம்" என்றார்.

என் வீட்டுக்காரர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் போனார். அதன் தலைப்பக்கத்தில் உள்ளங்கையைப் பதித்து, சிறிது நேரம் அப்படியே நின்றார். பிறகு போர்மேனைப் பார்த்து, வாயை அகலத் திறந்து, "செட்" என்றார்.

"பழைய மெஷினைப் பாத்த சந்தோஷம் சார்" என்றேன் டாக்டரிடம். செட் 12.

அவர் மறுபடியும் கையை வைத்துக் காட்டி, "செட்" என்றார். நான் சிரித்துத் தலையாட்டினேன். டாக்டரும் சிரித்தார். என் வீட்டுக்காரர் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தோளைக் குலுக்கிக்கொண்டு வேலையைத் தொடங்கினார்.

அவர் வேலை செய்து நான் பார்த்ததே இல்லை. இருபத்தாறு வருஷமாகச் சாப்பாட்டு டப்பா கட்டிக் கொடுத்தவள், அந்த டப்பா எதற்கு முன்னால் திறக்கப்பட்டது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். கத்தியைப் பொருத்தினார், தளர்த்தினார், கண்ணைச் சுருக்கி ஒரு பக்கமாகச் சாய்ந்து பார்த்தார், திருகை விரல்நுனியால் தட்டினார். வீட்டில் ரிமோட்டைக் கேட்டு இரண்டு முறை செட் போடுகிற ஆளா இவர் என்று எனக்குப் பிரமிப்பாக இருந்தது. பதினைந்து நிமிஷத்தில் முதல் துண்டு கடைந்து விழுந்தது.

போர்மேன் அதைத் துடைத்து மைக்ரோமீட்டர் என்ற அளவுக் கருவியில் வைத்துத் திருகினார். முகம் மலர்ந்தது. "கச்சிதம் சார். முடியில பாதிகூடப் பிசகல."

டாக்டர் என் வீட்டுக்காரரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார். "இவருக்குத் திருப்தியா? ஓட்டலாமாம்மா?"

"செட்" என்றார் அவர். தணிந்த குரல். சுருக்கம்.

கைப்பையிலிருந்து கார்டுக் கட்டை எடுக்கக்கூட இல்லை. அத்தனையும் மனப்பாடம். "முடிஞ்சுதுன்னு சொல்றார் சார். ஓட்டலாம்."

போர்மேன் சட்டைப் பையிலிருந்து ஒரு கட்டு அட்டைகளை எடுத்து ஒன்றை உருவினார். ஓரத்தில் ஓட்டை போட்டு நூல் கோர்த்த சின்ன அட்டை. அங்கே ஒரு வழக்கம் இருந்தது. முதல் துண்டில் செட்டர் கையெழுத்துப் போட்ட அட்டையைக் கட்டி இயந்திரத்தின் மேல் வைக்க வேண்டும். அது இல்லாமல் யாரும் அடுத்த துண்டுகளை ஓட்டக் கூடாது. முதலாளியே வந்து சொன்னாலும் கூடாதாம். போர்மேன் இதை டாக்டருக்கு விளக்கிக்கொண்டே அட்டையையும் பேனாவையும் நீட்டினார். "கையெழுத்து மட்டும் மறக்கலன்னு தங்கச்சி சொல்லியிருக்காங்க சார், பேங்க்ல போட்டுட்டார்."

என் வீட்டுக்காரர் அட்டையை வாங்கவில்லை.

"போடுய்யா" என்றார் போர்மேன்.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். டாக்டர் படிவத்தில் ஏதோ எழுதத் தொடங்கினார். தலைகீழாக இருந்தாலும் எனக்குப் படிக்கத் தெரியும், அதுவும் என் தொழில்தான். 'சொன்னதைப் புரிந்துகொண்டதாகத் தெரியவில்லை' என்று எழுதிக்கொண்டிருந்தார்.

அவர் கையைப் பிடித்து முன்னால் இழுத்தேன். விரல்களைப் பிரித்துப் பேனாவைச் செருகினேன். "போடுங்க. நல்லா வந்திருக்கு, அவங்களே சொல்றாங்க. ஒரே ஒரு கையெழுத்து. கெட்ட பேர் வாங்கி வெக்காதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், போடுங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வையை எந்தக் கார்டிலும் நான் எழுதியதில்லை. கோபமில்லை. ஏழு மாதமாக ஒரு ஆள் எதிரில் நின்று கத்திக்கொண்டிருக்க, நான் வேறு யாரோடோ பேசிக்கொண்டிருந்ததுபோல ஒரு அலுப்பு. பேனாவை மெதுவாகத் தன் சட்டைப் பையில் செருகினார். திரும்பி, பட்டனை அழுத்தினார்.

இரண்டாவது துண்டு விழுந்தது. அதைத் துணியில் துடைத்து மேசையில் வைத்தார். மூன்றாவதை அதற்குப் பக்கத்தில். நான்காவது, ஐந்தாவது, வரிசை கலையாமல். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். போர்மேன், "டாக்டருக்கு நேரமாகுதுய்யா" என்று மெல்லச் சொன்னார். அவர் காதில் வாங்கவில்லை. ஒன்பதாவது துண்டு விழுந்ததும் எடுத்து, அளவுக் கருவியோடு சேர்த்து போர்மேன் கையில் திணித்தார்.

போர்மேன் அளந்தார். துடைத்துவிட்டு மறுபடியும் அளந்தார். பிறகு எட்டாவதை, ஏழாவதை. முகம் சுருங்கியது.

"அளவு நகந்திருக்கு" என்றார்.

இயந்திரத்தின் தலைப்பக்கத்தில், வந்தவுடன் என் வீட்டுக்காரர் உள்ளங்கை வைத்த அதே இடத்தில், தன் கையை வைத்துப் பார்த்தார். பிறகு டாக்டரிடம் தலை குனிந்து சொன்னார். "என் தப்பு சார். ரெண்டு நாளாச் சும்மா கிடந்த மெஷின். வெறுமனே அரை மணி நேரம் ஓடவிட்டு, சூடேறினப்புறம்தான் செட் பண்ணணும். நீங்க அவசரமாப் போகணும்னதால நான் பச்சையாவே குடுத்துட்டேன். ஆறிக் கிடக்கும்போது மொதல் பீஸ் சரியாத்தான் வரும். சூடாக ஆக இரும்பு விரிஞ்சு அளவு போயிடும். இவர் கையெழுத்துப் போட்டிருந்தா இன்னிக்கு ஓட்டினது அத்தனையும் குப்பைக்குத்தான்."

"அப்ப இவர் மொதல்லயே..." என்று டாக்டர் இழுத்தார்.

"கை வெச்சுக் காட்டினாரே சார். ஆறிக் கிடக்குன்னு. நாங்க யாரும் பாக்கல."

நாங்கள் என்று அவர் பெருந்தன்மையாகச் சொன்னார். சந்தோஷம் என்று சொன்னது நான். ஓட்டலாம் என்று சொன்னதும் நான். என் வீட்டுக்காரர் அப்படி ஒரு வார்த்தை சொல்லவே இல்லை. ஒரு செட்டைக் கேட்டு, அதற்கு ஒரு எண்ணைக் கொடுத்து, கடைசியில் அர்த்தத்தை நானே போட்டுக் கொடுத்திருந்தேன். ஒரு நல்ல தொழிலாளியின் வேலையை அவர் பெண்டாட்டியே கெடுக்கப் பார்த்தாள் என்பதுதான் நடந்தது. வெட்கமாக இருந்தது, அவர் பக்கம் திரும்ப முடியவில்லை.

இதற்குள் அவர் திருகை இம்மியளவு நகர்த்தி, இன்னும் மூன்று துண்டு ஓட்டி, போர்மேனை அளக்கவிட்டார். மூன்றும் சரி. பையிலிருந்து பேனாவை எடுத்தார். அட்டையைக் கேட்டு வாங்கி, குனிந்து, பழைய வளைவுகளோடு பெயர் முழுவதையும் கையெழுத்தாகப் போட்டார். கடைசித் துண்டில் நூலைச் சுற்றிக் கட்டி இயந்திரத்தின் மேல் வைத்தார்.

டாக்டர் தான் எழுதிய வரியை அடித்தார். பிறகு பழக்கத்தில் என் பக்கம் திரும்பினார். "அந்த வார்த்தைக்கு அப்ப என்னதாம்மா அர்த்தம்?"

"தெரியாது சார். தெரிஞ்ச மாதிரி இத்தனை நாளாச் சொல்லிக்கிட்டிருந்தேன்."

"சரி. திங்கக்கிழமையிலிருந்து வேலைக்கு வர இவருக்குச் சம்மதமா?"

"அவரையே கேளுங்க."

டாக்டருக்குச் சங்கடமாக இருந்தது. எனக்கும்தான். அந்த ஏழு மாதத்தில் யாரும் அவரை எதுவும் கேட்டதில்லை, என்னைத்தான் கேட்பார்கள். டாக்டர் இரண்டடி நகர்ந்து அவருக்கு நேராக நின்று, நிதானமாகக் கேட்டார். "திங்கக்கிழமை வேலைக்கு வர்றீங்களா?"

என் வீட்டுக்காரர் போர்மேன் கையிலிருந்த கட்டிலிருந்து இன்னொரு அட்டையை உருவினார். இயந்திரத்தின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். நூலை எடுத்து, தன் காக்கிச் சட்டையின் மேல் பொத்தானில் சுற்றி முடிச்சுப் போட்டார். அட்டை நெஞ்சில் தொங்கியது. போர்மேன் சத்தமாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொண்டு எண்ணெய்த் துணியால் கண்ணைத் துடைத்தார்.

கையெழுத்துக்குக் கீழே தேதிக்கு ஒரு கட்டம் காலியாக இருந்தது. எண்கள் அவருக்கு எழுத வராது. அவர் என் முன்னால் வந்து நின்று, பேனாவை நீட்டி, அந்தக் கட்டத்தில் விரலை வைத்தார். நான் அன்றைய தேதியை எழுதப் போனேன். அவர் என் மணிக்கட்டில் கையை வைத்துத் தடுத்தார். பேனாவை நிறுத்திவிட்டு, அந்தக் கையைப் பார்த்தேன்.

"திங்கக்கிழமைத் தேதியா?"

கை விலகியது. எழுதினேன். வேறு ஒன்றும் சேர்க்கவில்லை.